பதினோரு மாத வீடு

திருக்குறளில் நிலையாமை அதிகாரம் முடியும் இடத்தில் 'துச்சில்' என்றொரு சொல் வருகிறது. பிறருடைய இல்லத்தில் ஒரு மூலையில் ஒதுங்கியிருக்கும் இடம் என்பது அதன் பொருள். உடம்புக்குள் உயிர் தங்குவது அப்படிப்பட்ட ஒதுக்குக் குடித்தனமே என்று காட்டுகிறார் வள்ளுவர். நிலைத்திருக்க ஓர் இல்லம் அந்த உயிருக்கு இன்னும் வாய்க்கவில்லையோ என்று வினவுகிறார். ஸ்ரீமத் பாகவதத்தின் பதினோராம் ஸ்கந்தத்தில் அவதூதர் தம் இருபத்துநான்கு குருமார்களின் வரிசையில் பாம்பையும் சேர்க்கிறார். பாம்பு தனக்கென்று வீடு அமைத்துக்கொள்வதில்லை. பிறர் அமைத்ததில் புகுந்து சுகமாக வாழ்கிறது. வீடு கட்டும் முயற்சியே துன்பம் என்பது அதனிடம் அவர் கற்ற பாடம். துக்கம் விசாரிக்க வரும் பெரியவர்களும் 'எல்லாரும் இங்கே வாடகைக்குத்தானே வந்திருக்கிறோம்' என்று சொல்லித் தேற்றுவதுண்டு.

இந்த உவமை கேட்பவர் நெஞ்சில் உடனே தைப்பதற்குக் காரணம் உண்டு. வாடகைக்கு இருப்பவரின் நிலை எத்தகையது என்பது எல்லாருக்கும் தெரியும். போகச் சொன்னால் போகவேண்டும். எப்போது சொல்வார்கள் என்பது தெரியாது. இந்தக் கலக்கத்தை உணர்ந்த மனத்துக்கே உடம்பின் நிலையாமையும் எளிதில் விளங்குகிறது. அப்படியானால் ஒரு கேள்வி எழுகிறது. துன்பத்துக்கு உவமையாகச் சான்றோர் எடுத்துக்காட்டிய ஒரு நிலையில், கோடிக்கணக்கான குடும்பங்கள் உவமையாக அன்றி உண்மையாகவே வாழ்கின்றன. அவர்களிடம் சென்று 'எதுவும் நிலையில்லை' என்று உபதேசிப்பது தகுமா?

தகாது என்றே சொல்லவேண்டும். வீடின்றி இருப்பது துறவி தாமே மேற்கொண்ட விரதம். குடும்பத்தவர் வீடிழப்பது பிறர் அவர்மேல் சுமத்துவது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். முன்னது மனிதனை விடுவிக்கிறது, பின்னது நசுக்குகிறது. பசித்தவனுக்கு உபவாசத்தின் மேன்மையை எடுத்துரைப்பவரை எவரும் ஞானி என்று போற்றுவதில்லை. அவதூதரின் பாம்புக்குப் பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளைகளும் இல்லை.

பத்தாவது மாதம்

இந்திய நகரங்களில் குடியிருப்புக்காக எழுதப்படும் வாடகை ஒப்பந்தங்களுள் மிகப் பலவும் பதினோரு மாதங்களுக்கானவை. ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதங்கள் இருக்க, ஒப்பந்தம் மட்டும் ஏன் ஒரு மாதம் குறைந்தது? 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைகளைப் பதிவு செய்தாகவேண்டும் என்கிறது. ஓராண்டைத் தொடாமல் நிறுத்திக்கொண்டால் பதிவுச் செலவு இல்லை, அலுவலகத்துக்கு அலைச்சல் இல்லை, நீண்ட உரிமை எதுவும் எவருக்கும் உண்டாகிவிடுமோ என்ற ஐயமும் இல்லை. ஒரு நூற்றாண்டுக்கு முந்திய சட்டத்தின் ஓர் உட்பிரிவைத் தவிர்ப்பதற்காகத் தொடங்கிய வழக்கம், இன்று நகரத்து வாழ்க்கையின் கால அளவாகவே ஆகிவிட்டது. பின்னாளில் சில மாநிலங்கள் எல்லா ஒப்பந்தங்களையும் பதிவு செய்யவேண்டும் என்று சட்டம் இயற்றியும், அந்தப் பதினோரு மாதம் மட்டும் மாறவில்லை.

ஆனால் வாழ்க்கை பதினோரு மாதத் துண்டுகளாக நடப்பதில்லை. குழந்தையின் பள்ளிப்படிப்பு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்வது. முதியவருக்கு அருகிலுள்ள மருத்துவரோடும் மருந்துக்கடையோடும் உண்டாகும் பழக்கம் மெல்ல மெல்ல வேர்விடுவது. ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியல், எரிவாயு இணைப்பு, வங்கிக் கணக்கு என எல்லாமே ஒரு முகவரியைக் கேட்கின்றன. முகவரியோ பதினோரு மாதமே செல்லுபடியாகிறது.

பத்தாவது மாதம் பிறந்ததும் வீட்டில் ஒரு மாறுதல் தெரிகிறது. குடும்பத்தலைவி வீட்டுக்கார அம்மாளின் முகத்தைக் கூர்ந்து கவனிக்கத் தொடங்குகிறார். நேற்று நின்று பேசியவர் இன்று பேசாமல் போனாரே, ஏதேனும் காரணம் இருக்குமோ? குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, சொல்லலாமா? சொன்னால், 'வசதிப்படவில்லை என்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று பதில் வந்துவிட்டால்? சொல்லாமலே, தம் செலவில் குழாய் பழுதுபார்ப்பவரை அழைத்துக்கொள்கிறார். ஊரிலிருந்து மாமனாரும் மாமியாரும் வருவதாகக் கடிதமோ தொலைபேசியோ வரும்போது, மகிழ்ச்சிக்கு முன்னால் தண்ணீர்க் கணக்கு நினைவுக்கு வருகிறது. சுவரில் ஓர் ஆணி அடிக்கவும், குழந்தை மாடிப்படியில் ஓடி விளையாடவும் மனத்துக்குள் அனுமதி கேட்கவேண்டியிருக்கிறது. எவரும் இவர்களை அடிக்கவில்லை, ஏசவில்லை. வீட்டுக்கார அம்மாள் நல்லவராகவே இருக்கக்கூடும். ஆயினும் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு குடும்பம் முழுவதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு வாழ்கிறது.

இதன்மேல் முன்பணச் சுமை. பெங்களூரில் பத்து மாத வாடகையை அட்வான்சாகக் கேட்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்துவந்துள்ளது. புது வீட்டுக்குப் பத்து மாதப் பணத்தைப் புரட்டிக் கொடுத்தாகவேண்டும். பழைய வீட்டு அட்வான்சோ, காலிசெய்து சாவியைக் கொடுத்த பிறகுதான், அதுவும் சுவருக்கு வண்ணம் பூச என்று ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொண்டு, திரும்பி வரும். நடுவிலுள்ள சில வாரங்களுக்காக நகை அடகுக்குப் போகிறது.

இருந்தும், கையில் ஒப்பந்தத் தாள் வைத்திருப்பவர்கள் ஒருவகையில் பாக்கியசாலிகள். கட்டடத் தொழிலாளர்களும், வீட்டுவேலை செய்யும் பெண்களும், ஆலைகளின் அருகே வரிசையறைகளில் நால்வர் ஐவராகத் தங்கும் இளைஞர்களும் வெறும் வாய்ச்சொல்லின் பேரில் குடியிருக்கிறார்கள். ரசீது கிடையாது. எழுத்தில் வேறு ஏற்பாடு இல்லாத மாத வாடகைக் குடியிருப்பை முடித்துக்கொள்ளப் பதினைந்து நாள் அறிவிப்பே போதும் என்கிறது 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம். அந்தப் பதினைந்து நாளைக்கூட இவர்களுள் பலர் கண்டதில்லை. மாலையில் சொன்னால் காலையில் மூட்டை கட்டவேண்டும்.

மார்ச் 2020

இந்த ஏற்பாட்டின் வலுவின்மை முழுவதும் ஒரே வாரத்தில் வெளிப்பட்டது. 2020 மார்ச் 25ஆம் தேதி நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியது. கூலி நின்றது. மாத முதல் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. தில்லியிலிருந்தும் வேறு பெருநகரங்களிலிருந்தும் தொழிலாளர்கள் குழந்தைகளைத் தோளில் சுமந்துகொண்டு நூற்றுக்கணக்கான மைல் தொலைவிலுள்ள சொந்த ஊர்களை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். நோயைப் பற்றிய அச்சமும் உணவில்லாமையும் அவர்களை நடக்கவைத்தன. வரப்போகும் வாடகை நாளும் நடக்கவைத்தது.

மார்ச் 29ஆம் தேதி மத்திய உள்துறை அமைச்சகம் ஓர் ஆணை பிறப்பித்தது. வாடகையறைகளில் வாழும் தொழிலாளர்களிடம் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக்கூடாது. தொழிலாளர்களையோ மாணவர்களையோ வெளியேற வற்புறுத்தும் உரிமையாளர்மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று அது கூறியது. நல்ல நோக்கம்தான். ஆனால் எழுத்தில்லாத, ரசீதில்லாத, எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறாத ஒரு குடித்தனத்தை எந்த அதிகாரி வந்து காப்பார்? தாம் அந்த அறையில்தான் குடியிருந்தோம் என்று தொழிலாளி எதைக்கொண்டு காட்டுவார்? அதே நாட்களில், மருத்துவமனையில் நோயாளிகளைக் கவனித்துவிட்டு வரும் மருத்துவர்களையும் செவிலியரையும்கூட வீட்டைக் காலிசெய்யச் சொன்ன நிகழ்ச்சிகள் நடந்தன. அப்படிச் செய்யும் உரிமையாளர்மீது நடவடிக்கை எடுக்கத் தில்லி அரசு ஆணையிடவேண்டி வந்தது. மாலையில் மாடியில் நின்று அவர்களுக்காகக் கைதட்டியவர்களும் வீட்டைக் காலிசெய்யச் சொன்னவர்களும் ஒரே தெருவில் வாழ்ந்தார்கள்.

உரிமையாளர் பக்கத்தையும் மறைக்கக்கூடாது. வரிசையறைகளை வாடகைக்கு விடுபவர் எல்லாரும் செல்வந்தர் அல்லர். கணவர் விட்டுச்சென்ற இரண்டு அறைகளின் வாடகையில் அரிசி வாங்கும் விதவைகள் உண்டு. வங்கிக் கடனில் மாடி கட்டி, கீழ்வீட்டு வாடகையால் தவணை செலுத்தும் ஓய்வுபெற்றோர் உண்டு. அந்த ஆணை அவர்களுடைய ஒரு மாத வருவாயை நிறுத்தச் சொன்னது. அதை யார் ஈடுசெய்வது என்று சொல்லவில்லை. தானம் செய்யுமாறு எவரையும் ஆணையிடலாம். ஆணைக்குப் பணிந்து கொடுத்தது தானமாகாது என்பது சாத்திரம் அறிந்தவருக்குத் தெரியும்.

பம்பாய் கற்ற பாடம்

வாடகைக்கு இருப்பவரைக் காக்கவேண்டும் என்ற எண்ணம் இந்நாட்டுக்குப் புதிதன்று. முதல் உலகப்போரின் முடிவில், 1918ஆம் ஆண்டிலேயே, பம்பாயில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. போர்க்கால விலையேற்றத்தில் ஆலைத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்துவிடக்கூடாது என்பதே நோக்கம். பின்னர் 1947ஆம் ஆண்டின் சட்டம், 1940 செப்டம்பரில் இருந்த வாடகையையே பெரும்பாலும் 'நியாய வாடகை' என்று நிலைநிறுத்தியது. பிரிவினையால் அகதிகள் வந்து குவிந்த காலம் அது. அன்றைய நிலையில் அதைத் தவறென்று சொல்வதற்கில்லை.

தவறு பின்னால் நேர்ந்தது. தற்காலிகமாக வந்த சட்டம் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. 1940ஆம் ஆண்டின் வாடகை 1960, 1980 என்று தொடர்ந்தது. அரிசி விலையும் சிமென்ட் விலையும் கூலியும் பலமடங்கு உயர்ந்தன. வாடகை மட்டும் அசையவில்லை. கூரையை ஓட்டை அடைக்கவும் அந்த வாடகை போதாத நிலையில் உரிமையாளர்கள் கட்டடங்களைக் கைவிட்டார்கள். பழுதுபார்ப்புக்கென்று 1969இல் அரசே ஒரு வாரியம் அமைக்க வேண்டியிருந்தது. அதன் பொறுப்பில் அன்று வந்த பழங்கட்டடங்கள் 19,000க்கும் மேற்பட்டவை. 2017 ஆகஸ்ட் 31ஆம் தேதி பெண்டி பஜார் பகுதியில் அத்தகைய பழங்கட்டடம் ஒன்று இடிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். குடியிருப்பவரைக் காக்க வந்த சட்டத்தின் நீண்டநாள் விளைவுகளுள் அவர் தலைமேல் இடிந்த கூரையும் ஒன்று.

சட்டத்தில் அடைபட்ட பணம் வேறு வழியில் வெளிவந்தது. 'பக்டி' என்ற முறை பம்பாயில் வேரூன்றியது. பக்டி என்றால் தலைப்பாகை. குடிபுகும்போது பெருந்தொகை ஒன்றைத் தலைப்பாகைக் காணிக்கைபோல் கொடுத்துவிட்டு, அதன்பின் பெயரளவுக்கு வாடகை செலுத்தி, தலைமுறை தலைமுறையாக இருந்துவிடலாம். இதனால் வீடு கிடைத்தவர் யார்? கையில் பெருந்தொகை உள்ளவர். இல்லாதவர் குடிசைக்குப் போனார். ஏழையைக் காக்க எழுதப்பட்ட சட்டத்தின் நிழலில் ஓரளவு வசதியுள்ளவர் நின்றுகொண்டார்; தென் பம்பாயில் சொற்ப வாடகையில் பெரிய வீடுகளை வைத்துக்கொண்ட செல்வந்தர்களும் இருந்தார்கள். 1997ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், காலம் மாறியும் மாறாத இந்த வாடகை முறை நியாயமற்றதாகிவிட்டது என்று கூறியது. புதிய சட்டம் 1999இல் இயற்றப்பட்டு 2000ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. தில்லியின் கதை இன்னும் விந்தையானது: 1958ஆம் ஆண்டின் சட்டத்தை மாற்ற 1995இல் நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்றியது, குடியரசுத் தலைவரும் ஒப்புதல் அளித்தார். மலிவு வாடகையில் கடை நடத்திய வணிகர்கள் எதிர்த்ததால் அது நடைமுறைக்கே வரவில்லை.

இந்த அனுபவத்திலிருந்து சிலர் எடுக்கும் முடிவு, வாடகைக்கு இருப்பவருக்குப் பாதுகாப்பே தரக்கூடாது என்பது. அது அவசர முடிவு. ஒரு சமுதாயம் முழுவதும் ஏற்கவேண்டிய கடமையை, தற்செயலாக வீடு வைத்திருந்த ஒருவர் தலையில் காலமெல்லாம் ஏற்றிவைத்ததுதான் பம்பாய் செய்த பிழை. ஊர் கூடி இழுக்கவேண்டிய தேரை ஒருவரிடம் ஒப்படைத்தால் அவர் வடத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

போய்விடவும் செய்தார்கள். 1961ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் நகரக் குடும்பங்களுள் பாதிக்கும் மேற்பட்டவை வாடகை வீடுகளில் இருந்தன. 2011இல் அது ஏறத்தாழ 27 சதவீதமாகக் குறைந்திருந்தது. சொந்த வீடு பெருகியது இதற்கு ஒரு காரணம். வீட்டை வாடகைக்கு விட அஞ்சியது மற்றொன்று. அதே 2011இல் இந்திய நகரங்களில் பூட்டிக் கிடந்த வீடுகள் சுமார் 1.1 கோடி. மறுபக்கம், 2012ஆம் ஆண்டில் அரசு அமைத்த வல்லுநர் குழு நகர வீட்டுப் பற்றாக்குறையை 1.88 கோடி என்று மதிப்பிட்டது. இந்த 1.88 கோடிக் குடும்பங்களும் தெருவில் நிற்பவை அல்ல. பெரும்பாலானவை ஓர் அறையில் மூன்று தலைமுறை நெருக்கியடித்து வாழ்பவை. ஏறக்குறைய எல்லாமே வருவாய் குறைந்தவை. பூட்டிய வீடுகளுள் பல இவர்களுக்கு எட்டாத விலையில், எட்டாத இடத்தில் இருந்தன. ஆகவே பூட்டைத் திறந்தால் போதும், குறை தீர்ந்துவிடும் என்று கணக்குப் போட முடியாது. ஆயினும் அந்தப் பூட்டுகளில் ஒரு பகுதி அச்சத்தால் பூட்டப்பட்டவை. ஒருமுறை உள்ளே விட்டால் வெளியேற்ற இருபதாண்டு வழக்காடவேண்டும் என்ற அச்சம்.

அச்சம் தின்னும் உண்மை

கதவுக்கு இருபுறமும் அச்சம் நிற்கிறது. பகவத்கீதையின் பதினாறாம் அத்தியாயம் தெய்வ இயல்புகளை அடுக்கும்போது முதலில் வைப்பது அச்சமின்மையை. தானங்களிலும் அபயதானமே சிறந்தது என்று தர்ம நூல்கள் கூறுவதுண்டு. அந்த முதலிடத்துக்கான காரணம் வாடகை வீட்டு வாசலில் எளிதாக விளங்கும்.

வீடு தேடி வருபவர் பொய் சொல்லக் கற்றுக்கொள்கிறார். 'எத்தனை பேர்?' என்றால் ஊரிலிருந்து வந்து தங்கப்போகும் தாயாரைக் கணக்கில் விட்டுவிடுகிறார். என்ன சமைப்பீர்கள், என்ன தொழில், திருமணம் ஆகிவிட்டதா, சொந்த ஊர் எது என்ற கேள்விகளுக்குக் கேட்பவர் விரும்பும் விடையை ஊகித்துச் சொல்கிறார். ஊர்ப்பெயர் கேட்பது எதைத் தெரிந்துகொள்வதற்காக என்பது இருவருக்குமே தெரியும். தந்தை பொய் சொல்வதை அருகில் நிற்கும் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது. உரிமையாளரும் பொய் சொல்கிறார்: ரசீதில் ஒரு தொகை, கையில் ஒரு தொகை, மகன் வருகிறான் என்று காலிசெய்யச் சொல்லிவிட்டு, வேறொருவருக்கு அதிக வாடகைக்கு விடுகிறார். இவர்களுள் பலர் வேறு இடங்களில் நேர்மையானவர்கள். கடையில் மீதிச்சில்லறை கூடுதலாக வந்தால் திருப்பிக் கொடுப்பவர்கள். அச்சம் புகுந்த இந்த ஓர் இடத்தில் மட்டும் வாய்மை அவர்களைக் கைவிடுகிறது.

'வீட்டுக்காரர்கள் நல்ல மனத்தோடு நடந்துகொண்டால் சட்டம் எதற்கு?' என்று கேட்கப்படுவதுண்டு. ஆன்மிக நாட்டம் உள்ளவர்களுக்கு இந்தக் கேள்வி இயல்பாகவே பிடித்துப்போகும். மனம் திருந்தினால் எல்லாம் திருந்தும் என்பது அவர்களது நம்பிக்கை. ஆனால் நல்ல மனம் ஒருவருடையது. அது அவரோடு போய்விடும். இருபதாண்டுகள் வாடகையை உயர்த்தாமல், தீபாவளிக்குப் பலகாரம் அனுப்பிவைத்த மூதாட்டி காலமானதும், வெளிநாட்டிலிருந்து வரும் மகன் ஒரே மாதத்தில் வீட்டை இடிக்கச் சொல்லக்கூடும். அந்த இருபதாண்டும் குடியிருந்தவர் அனுபவித்தது கருணை. அவருக்கு உரிமை என்று ஒன்று இருக்கவில்லை. கருணை பெறுபவர் நன்றியோடு தலைகுனிந்தே நிற்கவேண்டியிருக்கிறது. காலப்போக்கில் அது இருவரையும் சிறுமைப்படுத்துகிறது. ஒழுகும் குழாயைப் பற்றித் தலைநிமிர்ந்து சொல்லும் துணிவு, வீட்டுக்கார அம்மாளின் அன்றைய மனநிலையைப் பொறுத்ததாக இருக்கக்கூடாது. அவர் நல்லவராயினும் இருக்கக்கூடாது.

உறைவிடம் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்பதை உச்ச நீதிமன்றம் 1990களின் தீர்ப்புகளில் தெளிவுபடுத்தியுள்ளது. தலைக்கு மேல் ஒரு கூரை மட்டும் உறைவிடமாகாது. போதிய இடமும் வெளிச்சமும் காற்றும் நீரும் தூய்மையான சூழலும் அதில் அடங்கும் என்று 1995ஆம் ஆண்டின் தீர்ப்பொன்று விரித்துரைத்தது. அரசியல் சட்டம் தரும் இந்த வாக்குறுதிக்கும் பதினோரு மாதத் தாளுக்கும் இடையே உள்ள தூரத்தை எவ்வாறு கடப்பது?

2021 ஜூன் மாதத்தில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம் இதற்கு ஒரு முயற்சி. வாடகை எவ்வளவு என்பதை அது இருவர் விருப்பத்துக்கே விடுகிறது. பம்பாயின் பாடம் அதில் தெரிகிறது. ஆனால் எழுத்துமூல ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கி, அதை வாடகை அதிகாரியிடம் தெரிவிக்கச் சொல்கிறது. குடியிருப்புக்கான முன்பணம் இரண்டு மாத வாடகைக்கு மேற்படக்கூடாது. உரிமையாளர் உள்ளே வந்து பார்க்க விரும்பினால் ஒருநாள் முன்னதாக அறிவிக்கவேண்டும். வாடகைத் தகராறு வந்தாலும் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக்கூடாது. போர், வெள்ளம், கொள்ளைநோய் போன்ற பேரிடர் காலத்தில் தவணை முடிந்தாலும், பேரிடர் நீங்கி ஒரு மாதம்வரை குடியிருப்பவரை இருக்கவிடவேண்டும்; 2020இன் நினைவு இந்த விதியில் எழுதப்பட்டிருக்கிறது. உரிமையாளரின் அச்சத்துக்கும் மருந்து உண்டு. காலம் முடிந்தும் வெளியேறாதவர் முதல் இரண்டு மாதங்களுக்கு இருமடங்கும் அதன்பின் நான்குமடங்கும் வாடகை தரவேண்டும். வழக்கை அறுபது நாட்களுக்குள் முடிக்க முயலவேண்டும்.

நிலம் மாநிலங்களின் அதிகாரத்தில் உள்ளதால் இது ஒரு மாதிரி மட்டுமே. ஏற்பது அவரவர் விருப்பம். சில மாநிலங்கள் இவ்வழியில் சென்றுள்ளன. தமிழ்நாடு இதற்கு முன்பே, 1960ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கிப் புதிய சட்டத்தை 2019 பிப்ரவரியில் நடைமுறைப்படுத்தியது.

இந்த மாதிரியின் குறை அதன் மௌனங்களில் இருக்கிறது. ஒப்பந்தக் காலத்தின் நடுவில் காரணமின்றி வெளியேற்றக்கூடாது என்கிறது. காலம் முடியும்போது காரணம் கேட்பதில்லை. ஆகவே பத்தாவது மாதத்தின் கலக்கம் அப்படியே இருக்கிறது. மாத வாடகையில் காலந்தள்ளும் தொழிலாளிக்கு எழுத்து வேண்டும் என்கிறது. எழுத்துக் கேட்டால் அறையே கிடைக்காது என்னும் இடத்தில் அவர் என்ன செய்வார் என்பதற்கு விடை இல்லை. அவருக்கு, குறைந்த வாடகையில் அரசும் தொழில் நிறுவனங்களும் கட்டித் தரும் வீடுகளே விடையாகும். 1896ஆம் ஆண்டின் பிளேக் நோய்க்குப் பின் பம்பாயில் தொழிலாளர்களுக்காக வாடகைச் 'சால்'களைக் கட்டவேண்டும் என்று அந்நிய ஆட்சிக்கே தோன்றியது. கொரோனாவுக்குப் பின், அரசு கட்டிக் காலியாகக் கிடந்த வீடுகளைக் குறைந்த வாடகைக்கு விடும் திட்டம் ஒன்றும் 2020 ஜூலையில் வகுக்கப்பட்டது. அவ்வாறு கணக்கிடப்பட்ட எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் உண்மையில் வாடகைக்குத் திறக்கப்பட்டவை சில ஆயிரமே. காலி வீடுகளைக் கணக்கிடுவதில் இருந்த வேகம் கதவைத் திறப்பதில் இல்லை.

மற்றொரு மௌனம் இன்னும் ஆழமானது. ஒப்பந்தம் எழுதியபின் வரும் துன்பங்களுக்கு அந்த மாதிரியில் விதிகள் உண்டு. ஒப்பந்தம் எழுதவே மறுக்கும் வாசலைப் பற்றி அதில் எதுவும் இல்லை. தலைநகரைச் சுற்றியுள்ள பகுதிகளில் நடத்தி 2015இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று, வாடகைக்கு வீடு கேட்பவரின் பெயரிலிருந்து சாதியும் மதமும் தெரியும்போது கதவுகள் எவ்வாறு மூடிக்கொள்கின்றன என்பதை எடுத்துக்காட்டியது. கடை, உணவகம், கிணறு, குளம் ஆகியவற்றில் எவரையும் விலக்கக்கூடாது என்று அரசியல் சட்டம் பெயர் சொல்லிக் கூறுகிறது. வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை.

அந்தப் பட்டியல் உருவாகப் பெரும்பங்காற்றியவர் ஒரு வாடகை வாசலில் நின்றவர். 1917ஆம் ஆண்டில் பீமராவ் அம்பேத்கர் அமெரிக்காவிலும் லண்டனிலும் பயின்று திரும்பி, பரோடா சமஸ்தானத்தில் பணியேற்க வந்தார். சமஸ்தானத்தின் செலவில் படித்தவர்; பதவி காத்திருந்தது; தங்க இடம் மட்டும் கிடைக்கவில்லை. பார்சிகளுக்கான ஒரு விடுதியில், அதன் காவலாளி உடன்பட, பார்சிப் பெயர் ஒன்றைச் சூட்டிக்கொண்டு தங்கினார். வேறு எவரும் தங்காத அந்த இருண்ட கட்டடத்தில், அரசு பங்களா ஒன்று கிடைக்கும் என்று விண்ணப்பித்துக் காத்திருந்தார். பதினோராம் நாள் காலையில் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து நின்றது. மாலைக்குள் காலிசெய்யவேண்டும் என்றது. நண்பர்கள் இருவரை அணுகினார். ஒருவர் இந்து, மற்றவர் கிறிஸ்தவர். இருவருமே நயமாகத் தட்டிக்கழித்தார்கள். பம்பாய்க்கு ரயில் இரவு ஒன்பது மணிக்கு. அதுவரை இருக்க அந்த ஊரில் ஒரு கூரை இல்லாததால், ஐந்து மணி நேரத்தை அவர் பரோடாவின் பொதுப் பூங்காவில் கழித்தார்.